ஒரே வயித்து வாகு

என் புருஷன் கன்னியப்பனுக்குக் காரம் இல்லாமல் சோறு இறங்காது. அந்த மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு மோர் இருக்கா என்று கேட்டார். வாயைத் திறய்யா என்றேன். மாட்டேன் என்றார். தாடையைப் பிடித்துத் திறந்தேன். நாக்கிலும் உள் கன்னத்திலும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டு.

அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து மூன்று வருஷமாக, கூட்டு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் அந்த வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை விட்டவர்களுக்கு அது வரும்.

"இன்னாய்யா, மாத்திரை போடுறியா இல்லியா?"

"நிறுத்திட்டேன். தீவாளியோட."

அப்போது ஆடி மாசம். என் கையில் இருந்த கரண்டி பறந்து சுவரில் பட்டது. குறி தப்பினதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். இவருக்கு இது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், பதில் வந்தது, ஒரு மாசம் பேசாமல் இருந்தேன், அது எங்கள் வீட்டுச் சண்டை. ஒழுங்காக மாத்திரை போட்டால் கிருமி அடங்கிவிடும், பொண்டாட்டிக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் நான் நிம்மதியாகப் படுத்துக்கொண்டிருந்தேன். மாசாமாசம் வாங்கின மாத்திரையோடு அந்த நிம்மதியையும் சேர்த்து இவர் குப்பையில் போட்டிருக்கிறார்.

"எதுக்குய்யா நிறுத்துன?"

"எங்கக்கா போடுதா? ஒரு மாத்திரை கிடையாது, கல்லு கணக்கா கீது. நான் மட்டும் இன்னா? ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே வாகு."

இந்த வாகு என்கிற வார்த்தை அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. என் மாமனார் சின்னசாமி செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். தேள் கொட்டினால் காலை உதறிவிட்டு நாற்று நடப் போய்விடுவாராம். நிலமெல்லாம் மனையும் கிடங்கும் ஆகி, மகன் அதே இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆனாலும் தும்மல் வந்தால்கூட "எங்க நைனா உடம்பு வாகு, ஒண்ணும் ஆவாது" என்பார்.

எழிலரசி அண்ணி இவருடைய அக்கா. புருஷனிடமிருந்து அவங்களுக்கு இந்தக் கிருமி வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. புருஷன் மூன்றே வருஷத்தில் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார். அண்ணிக்கு மட்டும் ஒரு காய்ச்சல் கிடையாது. ரத்தத்தில் எதிர்ப்பு சக்தியை எண்ணிச் சொல்வார்களே, நாங்கள் கவுண்டு என்போம், அது இறங்கவே இல்லை. அந்தக் காலத்தில் கவுண்டு இறங்கினால்தான் மாத்திரை தருவார்கள். பிறகு எல்லாருக்கும் உண்டு என்று சட்டம் மாறியபோதும் அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். "உங்க உடம்பு வாகு அப்படிம்மா" என்று எந்தப் புண்ணியவானோ ஒரு டாக்டர் சொல்லி வைத்தார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, இந்த வீட்டில் அது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

மறுநாளே இவரை இழுத்துக்கொண்டு போனேன். ஜமீலா டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"கிருமி ஒரு ரத்த அணுவுக்குள்ள புகுந்ததும், அந்த அணு கிருமியோட ஒரு துண்டைப் பிடிச்சு வெளியே நீட்டிக் காட்டும். காவல் அணுக்கள் அதைப் பார்த்துட்டு வந்து அடிக்கும். அப்படி நீட்டுற கை ஆளுக்கு ஆள் வேற. உங்க அக்காவோட கை, கிருமியால மாத்திக்கவே முடியாத இடமாப் பார்த்துப் பிடிக்குதுன்னு நினைக்கிறோம். உங்க கை பிடிக்கிற இடத்தைக் கிருமி மாத்திக்கிட்டுத் தப்பிச்சுடுது. அவங்களுக்கு வந்த கிருமியே வீக்கா இருந்திருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். முழுசா எங்களுக்கே தெரியாது."

"எங்களுது ஒரே ரத்தம் டாக்டர்."

"ஒரே ரத்தம்னாலும் அதே கை வராதுப்பா. பாதி அம்மா, பாதி அப்பா. உங்க அக்காவுக்கு அப்பாகிட்ட இருந்து வந்தது உங்களுக்கு வரலைன்னு வச்சுக்கோங்க..."

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் விழுந்தது.

"எங்க நைனாகிட்ட இருந்து வரலியா? அப்போ நான் யாருக்குப் பொறந்தேன்றீங்க? எங்கம்மாவ இன்னான்னு நெனச்சீங்க?"

டாக்டருக்கு முகமே வெளுத்துவிட்டது. ஐயோ, நான் அப்படிச் சொல்லலைப்பா என்பதற்குள் இவர் வெளியே போய்விட்டார். ரத்தம் கொடுக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான்தான் நின்று என் ரத்தத்தைக் கொடுத்தேன். எனக்கு இல்லை என்று வந்தது, மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்கணுமாம். பஸ்ஸில் எங்கள் ஊர் பருத்திப்பட்டு வரும் வரை இவர் எங்கம்மா எங்கம்மா என்று புலம்பிக்கொண்டே வந்தார். செத்துப்போன மாமியாருடைய மானத்தைக் காப்பாற்ற இந்த மனுஷன் தன் உயிரையே விட்டுவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

இனி ஒரே வழிதான் என்று ஆவடியில் ரயில் ஏறினேன். அண்ணி வேப்பம்பட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். போனபோது கிரைண்டர் கல்லை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, நீங்க மாத்திரை போடணும். உங்க தம்பி கண்ணு முன்னாடி போடணும்."

விஷயம் முழுக்கச் சொன்னேன். அண்ணி கல்லைக் கீழே வைத்தார்.

"என் புருஷன் செத்ததும் அவங்க ஊட்ல எனக்குத் தனித் தட்டு வெச்சாங்க ஜெகதா. இவளும் ஆறு மாசத்துல போயிடுவான்னு என் காதுல உழுற மாதிரியே பேசினாங்க. பேசின மாமியா போயிட்டா, கொழுந்தன் போயிட்டான். நான் கீறேன். வாழ்க்கைல நான் ஜெயிச்சது இந்த ஒண்ணுதான். மாத்திரை டப்பா இந்த ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா நானும் சீக்காளிதான்."

எனக்கு அவங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"நீங்க ஜெயிக்கிறதப் பாத்துக்கினே உங்க தம்பி செத்துக்கினு கீறாரு அண்ணி."

"என் தம்பி சாவுக்கு நான் காரணமா? எழுந்துரு. போ."

திரும்பி வரும்போது ரயிலில் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பொண்ணு தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் அண்ணி வாசலில் நிற்கிறார். கையில் மாவு வாளி. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய்த் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே இவருக்குச் சட்டை தொளதொளத்திருந்தது. இருமல் வேறு, அதைக் கிடங்குத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார்.

"கன்னி, தண்ணி குடு."

ஒரு மாத்திரையைப் போட்டு முழுங்கினார். இவர் பதறிப் போய்விட்டார்.

"யக்கா! உனக்கு இன்னா ஆச்சு? கவுண்டு எறங்கிடுச்சா?"

"எறங்கல. எறங்கலன்னாலும் போடணும்னு டாக்டரம்மா சொல்லுச்சு. அவங்ககிட்ட உக்காந்து நல்லாக் கேட்டுக்கினு வந்தேன். நைனாகிட்ட அந்தக் கை ரெண்டு விதம் இருந்துச்சாம்டா. நல்லதை மொதல்ல பொறந்து நான் எடுத்துக்கினு வந்துட்டேன். உனக்கு இன்னொண்ணு வந்துச்சு. அதுவும் நைனாவோடதுதான்."

முதலில் பிறந்தவர் எடுத்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். இவர் அக்கா மடியில் தலையை வைத்து, ஊரே கேட்கிற மாதிரி அழுதார். சின்ன வயசிலிருந்தே பெரிய துண்டெல்லாம் உனக்குத்தான் என்று அழுகைக்கு நடுவே சொன்னார். அண்ணி சிரித்துக்கொண்டே அவர் தலையில் குட்டினார். அப்புறம் அண்ணியும் அழுதார்.

காலையில் நான் கூப்பிடாமலே இவர் கிளம்பினார். ஜமீலா டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையை நீட்டி, மாத்திரை குடுங்க என்றார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், சளியை எடுத்தார், படம் எடுக்க அனுப்பினார். அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். நுரையீரல் இரண்டிலும் டி.பி. கவுண்டு அடிமட்டத்தில் இருந்தது.

"மாத்திரை?" என்றேன்.

"இப்ப கூடாதும்மா. முதல்ல டி.பி. மருந்து. அதுக்கு உடம்பு ரெண்டு வாரமாவது பழகணும். இப்பவே இதையும் ஆரம்பிச்சா நுரையீரல் தாங்காது. பிழைச்சு எழுந்தா கட்டாயம் குடுப்போம்."

பிழைச்சு எழுந்தா. அந்த வார்த்தையை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அண்ணி ரயில் பிடித்துக் கஞ்சியோடு வந்துவிடுகிறார். இரண்டு வாய் இறங்கினால் அதிகம். தம்பிக்கு இல்லாத மாத்திரையை அவன் எதிரே எப்படிப் போடுவது என்று, அண்ணி டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய் முழுங்கிவிட்டு வருவார். நேற்றும் எழுந்தார். இவர் கண்ணைத் திறந்தார்.

"யக்கா, இங்கயே போடு. நான் பாக்கறேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீரைக் குடித்தார். இவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முழுங்கும்போது இவர் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. வாயில் ஒன்றும் இல்லை.