குடும்பத்துடன் வருக

"அங்க வந்து நீ யாருன்னு காட்டிக்காத, சரியா?"

"ஏன், நான் என்ன தேடப்படுற குற்றவாளியா?"

"அதில்லம்மா. பர்சேஸ்ல இருக்கிறவன் பொண்டாட்டிக்கே ஆர்டரைத் தூக்கிக் கொடுத்துட்டான்னு ஆளாளுக்குப் பேசுவாங்க."

"நீங்க எங்க கொடுத்தீங்க? அவங்களாத்தானே கூப்பிட்டாங்க!"

"அதை ஒவ்வொருத்தர் காதுலயும் போய் ஊத முடியுமா?"

இரண்டு வாரத்துக்கு முன், பல் தேய்த்துக்கொண்டே என் கணவர் சொன்னது. வாயில் நுரையோடு யாராவது பொய் சொல்வார்களா? நான் நம்பிவிட்டேன்.

என் வேலை கிரேஸிங் டேபிள் போடுவது. விருந்துக்கு வருகிறவர்கள் தட்டும் வரிசையும் இல்லாமல், பேசிக்கொண்டே எடுத்துக் கொறிக்கும்படி ஒரு நீள மேசையை நிறைத்துக் கொடுக்க வேண்டும். "ஆடு மாடா மேயறதுக்கு?" என்று அவர் கிண்டல் செய்வார். இவருடைய அலுவலகத்தின் வரவேற்பறைப் பெண், தன் தோழி வீட்டு விழாவில் என் மேசையைப் பார்த்துவிட்டு, நான் யாரென்று தெரியாமலே கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள்.

விருந்தன்று மதியமே அந்த அலுவலகத்தின் ஐந்தாம் மாடிக் கூடத்துக்குப் போய்விட்டேன். முதலில் கிண்ணங்களை மேசையில் அங்கங்கே நட்டு, தேனும் ஜாமும் ஊற்றினேன். அவற்றைச் சுற்றிப் பாலாடைக்கட்டி. அதிலிருந்து ஓடை மாதிரி வளைந்து போகும் பிஸ்கட் வரிசை. பிறகு பேரீச்சை, வால்நட், உலர்த்திய ஆரஞ்சு வில்லைகள், கொத்துக் கொத்தாகத் திராட்சை. மேசைப் பலகை கண்ணில் படவே கூடாது. இடைவெளி தெரிந்த இடத்தில் எல்லாம் பச்சை இலையைச் செருகினேன்.

உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு குதூகலம். ஐந்து கிறிஸ்துமஸாக இந்த விருந்துக்கு அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரைக்கும் ஒரு வாக்கியம் வரும். 'ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான்' என்று அவர் முதல் வருடமே சொல்லிவிட்டதால் அதை விழுங்கிக்கொள்வேன். இந்த முறை எப்படியோ உள்ளே வந்துவிட்டேனே, மேசை வைக்கிறவளாகவாவது!

வரவேற்பறைப் பெண் வந்து மேசையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

"அக்கா, கண்ணு பட்டுடும்போல இருக்கு! ஆமா, திராட்சையை நறுக்கலையா? குட்டிப் பசங்க தொண்டையில சிக்கிக்குமே."

"குட்டிப் பசங்களா?"

"பதினெட்டு வாண்டுங்க வருது. வருஷா வருஷம் குடும்பத்தோடதானே?"

கதவில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைக் காட்டினாள். 'குடும்பத்துடன் வருக' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்த விருந்துக்கும் குழந்தைகள் உண்டா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. இங்கே மட்டும் கேட்கவில்லை. என் புருஷன் ஆபீஸைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

கத்தியை எடுத்துத் திராட்சையை நெடுக்காகப் பிளக்க ஆரம்பித்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கொத்திலிருந்து உதிர்த்துக் கொடுத்தாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"பர்சேஸ் சார் ஒருத்தர்தான் பாவம், ஒண்டியா வருவார். அவங்க வீட்டம்மா பேங்க்ல பெரிய ஆபீசராம். எங்கேயோ தூரத்துக்கு மாத்திட்டாங்களாம். லீவே கிடைக்காதாம்க்கா. நாங்க அவங்களுக்குன்னு தனியா பரிசு கட்டிக் கொடுத்து விடுவோம். போன வருஷம் நீலச் சால்வை, ஓரத்துல வெள்ளிப் பூ போட்டது."

அந்தச் சால்வையை எனக்குத் தெரியும். 'என் தம்பிக்கு என் மேல எவ்வளவு பாசம் பாரு' என்று என் நாத்தனார் போர்த்திக் காட்டினாள். நானும் அழகாக இருக்கிறது என்றேன்.

பேங்க் வேலையை நான் விட்டு ஆறு வருடம் ஆகிறது. 'உனக்குப் பிடிச்சதைச் செய், நான் இருக்கேன்' என்று தைரியம் சொன்னதே அவர்தான். அன்று அவர் தோளில் சாய்ந்து அழுதேன். இங்கே, இவர்கள் மத்தியில், நான் அந்த வேலையை விடவே இல்லை. கத்தி விரலில் பட்டது. ரத்தம் வரவில்லை, எரிச்சல் மட்டும்.

ஆறு மணிக்குக் கூடம் நிரம்பியது. அவர் வந்தார், காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையில். மேலாளரின் மனைவி மேசையைப் பார்த்து அசந்துபோய் நின்றார்.

"யாருங்க செஞ்சது?"

"வெளியில இருந்து ஆள் வந்திருக்காங்க மேடம்." என் கணவர் என் பக்கம் திரும்பினார். "ரொம்பப் பிரமாதங்க. கை தேர்ந்த வேலை."

பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக என் வேலையை அவர் வாயாரப் புகழ்ந்தார், யாரோ ஒரு வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல.

"உங்க வீட்டம்மாவுக்கு இந்த வருஷமும் லீவ் இல்லையா?" மேலாளரின் மனைவி விடவில்லை.

"எங்கே மேடம்... வருஷக் கடைசி. பேங்க்ல தலைக்கு மேல வேலை." இதைச் சொல்லும்போது அவர் பாலாடைக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உத்தியோகம் உத்தியோகம்னு இருந்தா இப்படித்தான். இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்துக்கோங்க," என்று அவரைத் தேற்றினார் அந்த அம்மா. அவரும் சோகமாகத் தலையாட்டினார்! அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேலாளர் கை தட்டினார். "ஒவ்வொரு குடும்பமா வாங்க, மேசைக்குப் பின்னாடி நின்னு போட்டோ எடுக்கலாம்!"

ஜோடி ஜோடியாக வந்து நின்றார்கள். குழந்தைகள் பிஸ்கட்டும் கையுமாகச் சிரித்தார்கள். அவர் முறை வந்தது.

"வாப்பா, நீ இந்த வருஷமும் பிரம்மச்சாரி!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தனியாகப் போய் நின்றார்.

நான் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டேன். கைகளைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

"என்னங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை என்னையும் உங்க பக்கத்துல நிக்க வச்சு, இவதான் என் பொண்டாட்டின்னு இவங்ககிட்ட சொல்லுங்க."