வெர்னாவின் மூன்றாவது கிளாஸ்

"நல்ல சிவப்பு ஒயினா ஒண்ணு சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் நான் பட்டியலைப் புரட்டுவதில்லை. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து வெர்னா தன் கையால் செய்யும் ஜின்ஃபாண்டல், அவ்வளவுதான். பதினோரு வருடமாகக் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஓட்டல் மேசைகளுக்கு ஒயின் ஊற்றுகிறேன். இதைவிட ஒசத்தியான பாட்டிலும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து என் மூக்கை அடியோடு வாங்கிக்கொண்டு போனது. ரோஜாவும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். முதலாளியம்மா கிளெண்டாவுக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவாள். பாட்டில் தக்கையை முகர்ந்து, பெரிய ஞானி மாதிரி தலையாட்டிப் பிழைப்பை ஓட்டினேன்.

ஒரு மதியம் வெர்னாவே சாப்பிட வந்து தன் ஒயினையே கேட்டார். முகர்ந்தேன், தலையாட்டினேன், ஊற்றினேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் அவர் முகம் சுளித்தது. தக்கை கெட்டு, ஒயின் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறியதாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் கிளெண்டா வந்து கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டாள்.

"ரமீரோ, இதைப் போய் எப்படி ஊத்தின?"

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"அவனைத் திட்டாத," என்றார் வெர்னா. "கெட்டுப்போச்சுன்னு அவன் அப்பவே சொன்னான். என் ஒயினாவது கெடறதாவதுன்னு நான்தான் திமிரா ஊத்தச் சொன்னேன்."

தன் சரக்கின் மேல் அவ்வளவு கர்வம் உள்ள மனுஷி எனக்காக அதை விட்டுக்கொடுத்தார். கிளெண்டா நகர்ந்ததும், "நாளைக்குக் காலைல என் பீப்பாய்க் கொட்டகைக்கு வா. மூக்கைப் பழக்கினா போன வாசம் திரும்ப வரும்" என்றார்.

நான்கு மாதம் போனேன். தினமும் மூன்று கிளாஸ், முகர மட்டும். "எப்படி இருக்கு?" என்பார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "நல்லா இருக்கு" என்பேன். "சரி, நாளைக்கு வா" என்பார்.

மார்ச்சில் ஒரு காலை மூன்றாவது கிளாஸ் சுரீரென்று மூக்கில் ஏறியது. வினிகர். என் பிழைப்பைக் காப்பாற்றியவரின் ஒயின் புளித்துக் கிடக்கிறது. எந்த வாயால் சொல்வது?

"கோச்சுக்காதீங்க வெர்னா. இது கெட்டுப்போச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு மாசமா மூணாவது கிளாஸ்ல வினிகரைத்தான்டா வைக்கிறேன். நீயும் தினம் நல்லா இருக்குன்னே சொல்லிட்டிருந்த."

அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் சொல்லி மாளாது. அவர் ஜின்ஃபாண்டலைத் திறந்தால் முதலில் மிளகு வாசம் வரும், பிறகு பழம். இப்போதும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுகிறேன். கெட்டிருந்தால் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன்.