இடது கன்னத்து நிழல்

நூர்நிஷாவின் ஸ்டுடியோவில் மணிமுத்து கற்ற முதல் பாடம், பின்னால் பார்க்காமல் பின்னால் போகக் கூடாது என்பது. அவள் விளக்கிக்கொண்டிருக்க, எல்லாம் புரிந்தவனைப் போல் தலையாட்டியபடி நகர்ந்தவன் ஸ்டாண்டை இடறினான். பல்பு வெடித்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"லைட்ட எங்கன வைக்கன்னு கேட்டீங்க அண்ணாச்சி. தரையிலன்னு நான் சொல்லலயே."

தென்காசியில் இரும்புக்கடை வைத்திருப்பவன் லைட்டிங் படிக்க வந்தது கலைக்காக அல்ல, கல்யாணத்துக்காக. சின்ன வயதில் வடிகஞ்சி கொட்டி அவன் இடது கன்னம் கருத்துச் சுருங்கிவிட்டது. பெண் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ போகும். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று பதில் வரும். மாவட்டமே அவனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. தழும்புதான் காரணமா என்று கேட்டால், "சேச்சே, ஜாதகம்" என்பார்கள்.

"மெயின் லைட்டு கண்ணுக்கு மேல, ஒரு பக்கமா. எதிர்ப்பக்கம் இந்தத் தெர்மாகோல் அட்டை. அது வெளிச்சத்தத் திருப்பி நிழலக் கொறைக்கும்" என்றாள் நூர்நிஷா.

"அட்டைய எடுத்துட்டா?"

"நிழல் அப்படியே கெடக்கும்."

"எனக்கு அது போதும்."

அவள் ஸ்டூலில் ஒரு பூசணிக்காயை வைத்துப் பழகச் சொன்னாள். படத்தில் பூசணிக்காய் அவனைவிட லட்சணமாக இருந்தது. கடைசியில் அவனே போய் உட்கார்ந்தான். வலப்பக்கம் விளக்கு, இடப்பக்கம் இருட்டு.

"நல்லாருக்கனா?"

"லைட்டிங் நல்லாருக்கு அண்ணாச்சி."

அந்தப் படத்தைப் பார்த்துச் சுந்தரபாண்டியபுரத்துப் பெண் வீட்டிலிருந்து மறுநாளே பதில் வந்தது: பெண் நேரில் பார்க்க வேண்டுமாம். குற்றாலத்தில் ஒரு ஹோட்டலைச் சொன்னார்கள். மணிமுத்து முன்னதாகவே போய், ஜன்னல் வலப்பக்கம் வருகிற நாற்காலியாகத் தேடி உட்கார்ந்துகொண்டான். இசக்கிசெல்வி தன் அத்தையோடு வந்தாள். காபி வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வெளியே சாரல் வலுத்து இருட்டிக்கொண்டு வர, சப்ளையர் அவர்கள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டைப் போட்டான். டியூப்லைட் எந்தக் கன்னத்துக்கும் சலுகை காட்டுவதில்லை.

அத்தை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இசக்கிசெல்வி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல யோசிச்சு..."

"அத மட்டும் சொல்லாதீங்க" என்றான் மணிமுத்து. சிரிக்கப் பார்த்தான்; இழுத்த கன்னத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "நெறைய பேரு யோசிச்சிக்கிட்டேதான் இருக்காங்க. நீங்களாவது நேராச் சொல்லுங்க. இதுவா காரணம்?"

அவள் நிமிர்ந்து, முதல் முறையாக அந்தக் கன்னத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா, அதான். போட்டோவுல தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். எனக்கு ஒரு நாள் லீவு மிஞ்சிருக்கும், உங்களுக்கு இந்தக் கேள்வி பதில் இல்லாம மிஞ்சிருக்கும்."