சித்தியின் பெயரில் மூன்று முறை

அந்த வீட்டில் குளியலறையைத் தவிர வேறெந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் கிடையாது. குடை, சார்ஜர், கத்தரிக்கோல் எல்லாம் யார் கைக்கு முதலில் அகப்படுகிறதோ அவருடையது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கணினிச் சேமிப்புப் பெட்டியை வாங்கி வைத்து, இன்ன கோப்புறையை இன்னார்தான் திறக்கலாம் என்று சட்டம் போடப் போனால் எடுபடுமா?

பெட்டியை வாங்கி வந்தவர் சித்தப்பா. பேருந்து ஓட்டுநர். எல்லோருடைய போனும் படங்களால் வயிறு உப்பி, இனி ஒன்றுகூடக் கொள்ளாது என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததும், வீட்டுக்கே பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றதில் எல்லாம் பத்திரமாக இருக்கும். செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்துகொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டியது.

அதை அமைத்துத் தரும் பொறுப்பு சித்தியின் அக்கா மகள் தலையில் விழுந்தது. வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வந்த நாள் முதல் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில், இருநூறு பேரில் யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். சித்தப்பா அவளுக்கு வைத்த பெயர் திக்திக்.

சனிக்கிழமை காலையில் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். 'குடும்பம்' என்று ஒரு பெரிய கோப்புறை. அதற்குள் படங்களுக்கு ஒன்று, பத்திரங்களுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கொன்று. சித்தப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா திக்திக், என் வீட்டுப் போட்டோவைப் பாக்க எனக்கே அனுமதி வேணுமா?"

"பாக்கலாம் சித்தப்பா. அழிக்கத்தான் முடியாது."

"நான் எதுக்கு அழிக்கப் போறேன்?"

"போன மாசம் இடம் பத்தலன்னு நீங்க அழிச்சதுல என் பாஸ்போர்ட் போட்டோவும் போயிடுச்சு."

"அது உன் போட்டோவா? யாரோ என்மேல கோவமா இருக்கற பொண்ணுன்னு நினைச்சேன்."

கல்லூரியில் படிக்கும் சித்தி மகள் சோபாவில் படுத்தபடி, "அக்கா, என் கோப்புறைக்கு மூணு பூட்டா போடு. அப்பாவுக்குப் பேரு மட்டும் தெரியட்டும், கதவு தெரிய வேணாம்" என்றாள்.

நான்கு பேருக்கும் நான்கு கணக்கு, நான்கு கடவுச்சொல். ஒவ்வொன்றிலும் எண், எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி. சித்தி தன்னுடையதை வாசித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மருத்துவர் கையெழுத்தையே படித்துவிடுவாள். "இதை என்னால வாயால கூடச் சொல்ல முடியாதுடி. கதவு நம்பரையே ரெண்டு தடவை போட்டுக் கொடு." வேறு வழியில்லாமல் அப்படியே போட்டுக் கொடுத்தாள். சித்தி கடைக்குக் கிளம்பும் முன் தன் பழைய படங்களைப் பெட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று போனை நீட்டினாள். அனுமதி இல்லை என்று பெட்டி கைவிரித்தது.

"எனக்கேவா இல்ல?" சித்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். பேருந்துக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது.

இருநூறு பேரைச் சமாளிக்கிறவளுக்கு ஒரு சித்தியைச் சமாளிக்கத் தெரியவில்லை. பதற்றத்தில் 'குடும்பம்' கோப்புறைக்கே போய், எல்லோரும் பார்க்கலாம், எழுதலாம் என்று மாற்றினாள். 'உள்ளே இருப்பவற்றுக்கும் இதுவே பொருந்தும்' என்று ஒரு கட்டம் கேட்டது. டிக் போட்டாள். படங்கள் ஏறின. சித்தி பேருந்தைப் பிடித்தாள். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது அந்த நிமிடத்தில்தான்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் பேருந்தில், பழக்க தோஷத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று போனிலேயே பார்த்தாள். அவளுடைய கோப்புறை திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் எதைத் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாள். 'சொல்ல வேண்டியவை' என்ற கோப்பு மூன்று முறை திறக்கப்பட்டிருந்தது. மூன்று முறையும் சித்தியின் பெயரில்.

உட்கார இடம் கிடைத்தும் எழுந்து நின்றுகொண்டாள்.

அந்தக் கோப்பு அவள் வாயால் சொல்லிச் சொல்லிப் போனில் சேர்ந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏழு நிமிட நடை. அந்த ஏழு நிமிடமும், வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் போனிடம் சொல்வாள், அது எழுதிக்கொள்ளும். அம்மாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் ஐந்தாவது நிமிடம் அது சித்தி காதுக்கு வந்துவிடும். போன் யாரிடமும் சொல்லாது என்று நம்பினாள். ஆனால் போனில் இருப்பதெல்லாம் தினமும் பெட்டிக்குப் போய்ச் சேரும்படி சனிக்கிழமை ஏற்பாடு செய்தவளும் அவள்தான்.

சில்லறைப் புகார்களைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். கடைசியில் இருந்த பத்திதான் சிக்கல். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறாள், சித்திக்கு இன்னும் தெரியாது. வருவதாக இருந்தால் இந்த வாரமே சொல்ல வேண்டும் என்று அறைக்காரம்மா கேட்டிருந்தாள். சித்தி அதைத் தானாகப் படித்துத் தெரிந்துகொண்டாள் என்றால், பதினான்கு மாதம் சோறு போட்டவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து வழக்கமான இரண்டு பாட்டு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"சத்தம் சரியா இருக்காம்மா? இல்ல, இன்னும் கொறைக்கணுமா?"

கட்டிலில் அவளுடைய காலுறைகள் ஏழு ஜோடி, மடித்து வரிசையாக இருந்தன. சித்தி மகள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

சித்தி படித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டாள் என்பதில் இனி சந்தேகம் ஏது? திக்திக் பையைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போனாள். சித்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? என்ன உடைச்ச?"

"நான் எழுதினதை நீங்க படிச்சிட்டீங்க. நேர்ல சொல்லியிருக்கணும். தைரியம் வரல. ரூம் விஷயம் இன்னும் முடிவு பண்ணல, சத்தியமா."

சித்தியின் கை மேடை மேல் நின்றது. சமையலறை வாசலில் சித்தப்பா வந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் பக்கம் இவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பார்த்தது சித்திதான்.

"என்ன ரூம்?" என்றாள் சித்தி.

"நீங்க... மூணு தடவை திறந்திருக்கீங்களே."

"எதை? அந்தப் பெட்டியையா? சனிக்கிழமை போட்டோ போட்டதோட சரி, அதுக்கப்புறம் நான் அது பக்கமே போகல."

திக்திக் மெல்லத் திரும்பினாள். சித்தப்பா ஆடிக்கொண்டிருந்த கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்தார்.

"எனக்குக் கொடுத்த பாஸ்வேர்டு பஸ் நம்பர் பிளேட் மாதிரி இருந்துச்சும்மா. உங்க சித்தியோடதுதான் மனசுல நின்னுச்சு."

"எனக்கும்" என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். காதில் மாட்டியிருந்த கருவியில் பாட்டே ஓடவில்லை போலிருக்கிறது.

"அப்போ மூணாவது தடவை?"

"நான்தான் திரும்ப ஒரு தடவை படிச்சேன்" என்றார் சித்தப்பா. "என் பாட்டைப் பத்தின இடம் நல்லா இருந்துச்சு."

ஆக, இந்த வீட்டில் அந்தக் கோப்பைப் படிக்காத ஒரே ஆள் சித்தி. அவளிடம்தான் இவள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

"எடு போனை" என்றாள் சித்தி. "படி."

"சித்தி..."

"ஊரே படிச்சாச்சு. நான் மட்டும் என்ன, பக்கத்து வீட்டுக்காரியா?"

படித்தாள். வாயால் சொல்லி எழுதியதாயிற்றே, முற்றுப்புள்ளி ஒன்றும் கிடையாது. மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்தினாள். சித்தப்பா காலை ஐந்தே முக்காலுக்குக் குளித்துக்கொண்டே பாடுவது, அதுவும் அதே இரண்டு வரி, மூன்றாவது வரி என்னவென்று தெரியாமலேயே தான் செத்துப்போய்விடுவோமோ என்ற கவலை. தங்கச்சி காலுறையை ஜோடியாக எடுத்துப் போய் ஒற்றையாகத் திருப்பித் தருவது. தான் சாப்பிட்டதைச் சித்தி போனில் அம்மாவிடம் கணக்கொப்பிப்பது. இதற்குச் சித்தி, "சொல்லாம? நீ மதியம் ரெண்டு பிஸ்கட்தானே தின்ன" என்று இடையில் ஒரு வார்த்தை போட்டாள். சித்தப்பா சிரிப்பை அடக்கித் தோற்றார்.

கடைசிப் பத்தி வந்ததும் குரல் இறங்கியது.

"சித்தி என்னை ஒரு தட்டு கழுவ விடமாட்டேங்கறாங்க நான் எழுந்தா நீ உக்காருங்கறாங்க விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்க எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு இங்க இருக்கறது என் வீடு மாதிரி இல்ல ஓட்டல் மாதிரி கூச்சமா இருக்கு ரூம் ஒண்ணு பாத்திருக்கேன் சித்தி மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சித்தி கைத்துணியை நான்காக மடித்தாள், பிறகு பிரித்தாள்.

"நீ கிளம்பறதுக்கு முதல் நாள் உங்கம்மா போன் பண்ணினா" என்றாள். "'என் பொண்ணு உன் வீட்டுக்கு வந்து பத்துப்பாத்திரம் தேய்ச்சான்னு என் காதுல விழக்கூடாது'ன்னு சொன்னா. எங்க அக்கா சொன்னதை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்? பதினாலு மாசமா ஒத்தையா நின்னு நாலு பேர் தட்டைக் கழுவறேன். நீ ஜம்முனு உக்காந்திருக்கறதைப் பாத்து எத்தனை நாள் பல்லைக் கடிச்சிருக்கேன், தெரியுமா? எனக்குக் கோப்பு எழுதத் தெரியல, அவ்வளவுதான்."

"அம்மா எங்கிட்ட வேற சொன்னாங்களே. சித்தி சொல்லாம எதையும் தொடாதேன்னு."

"அதானே பாத்தேன்" என்றார் சித்தப்பா. "ரெண்டு பேருக்கும் தனித்தனியா அனுமதி போட்டுக் கொடுத்துட்டு அங்கே நிம்மதியா இருக்காங்க பாரு மகராசி."

திக்திக்குக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. அதைத் துடைப்பதற்குள் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. சித்தி பாய்ந்து அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி வழிந்து, மிச்சம் அடியில் பிடித்துக் கருகியிருந்தது.

சித்தி பாத்திரத்தைக் கவிழ்த்துத் தொட்டியில் போட்டாள். வழக்கப்படி தேய்க்கும் நாரை எடுத்தவள், ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு அக்கா மகள் பக்கம் நீட்டினாள்.

"பையைக் கழட்டி வை. சட்டைக் கையை மடிச்சுக்கோ."

"அம்மா கேட்டா?"

"கேட்டா ஓட்டல் மூடியாச்சுன்னு சொல்றேன்."

சித்தி சமையலறையிலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எப்படித் தேய்ப்பது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, தண்ணீரை எவ்வளவு திறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். திக்திக் தோள் வலிக்கத் தேய்த்தாள். கரி துளித்துளியாகத்தான் விட்டது.

மேடை மேல் வைத்திருந்த போன் ஒளிர்ந்தது. சித்தி மகள் வந்து குனிந்து பார்த்தாள்.

"அக்கா, ரூம்காரம்மா. நாளைக்கு வரீங்களா, இல்ல வேற ஆளுக்குக் கொடுத்துடவான்னு கேக்கறாங்க."

சித்தி எழுந்து நிற்கவில்லை. ஆனால் குறை சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

"கை நனைஞ்சிருக்கு" என்றாள் திக்திக். "வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி நீயே அடிச்சிடு. மரியாதையா ஒரு நன்றியும் போடு."

சித்தி முக்காலியை ஓரடி முன்னால் நகர்த்தி, தொட்டிக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஓரத்துல அப்படியே விட்டிருக்க. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"தேய்க்கறேன் சித்தி."