ஒரு நூல் இடம்

அத்தாவை வீட்டுக்கு அனுப்பப்போவதாக ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று நான் வந்து முதலில் அளந்தது பாத்ரூம் கதவை. சர்க்கரையால் புண் ஆறாமல் அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். செயற்கைக் கால் பொருத்தச் சில மாதங்கள் ஆகும், அதுவரை சக்கர நாற்காலிதான் என்றார் டாக்டர். அத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“பாத்ரூமுக்கு நானே போலாமா சார்?”

“அது உங்க வீட்டுக் கதவைப் பொறுத்தது.”

அத்தா, நூர் முஹம்மது, மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரும் தன்னை ஓட்டிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது. ஆட்டோவில் ஏறினால்கூட முன்னால் எட்டிப் பார்த்து டிரைவருக்கு வழி சொல்வார்.

எனக்குப் பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை. மாலையில் தி.நகரில் கட்டட வரைபட வகுப்பு. வகுப்பில் எல்லாம் மில்லிமீட்டர். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால் எல்லாம் அங்குலம். நடுவில் நிற்பது 2.54. பெருக்கிப் பார்ப்பேன், வகுத்துச் சரிபார்ப்பேன், வகுத்தது சரியா என்று திரும்பவும் பெருக்குவேன். விடை ஒன்றாகவே வந்தாலும் நான் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறேனோ என்றுதான் தோன்றும்.

கதவு நிலையின் உள்பக்கம் 68.6 சென்டிமீட்டர், அதாவது 27 அங்குலம். கதவு உள்ளே திறந்து சுவரில் முட்டி நிற்கும்போது பலகையின் கனம் மூன்று சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. மீதி 65.6. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் ஆழ்வார்பேட்டைக் கடைக்கு போன் செய்தேன். பதினெட்டு இன்ச் என்றார்கள். 45.7 சென்டிமீட்டர். இருபது சென்டிமீட்டர் மிச்சம்!

இவ்வளவு மிச்சம் வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன்.

“பதினெட்டு உக்கார்ற சீட்டும்மா,” என்றார் கடையைப் பார்த்துக்கொள்ளும் சந்திரிகா அக்கா. “சக்கரத்தோட சேத்து யாரும் கேக்க மாட்டாங்க.”

சக்கரம், அதை உருட்டப் பிடிக்கும் வளையம் எல்லாம் சேர்த்து அளந்தேன். இருபத்தைந்து அங்குலம், 63.5 சென்டிமீட்டர். கதவுக்குள் இரண்டு சென்டிமீட்டர் மிஞ்சியது. பக்கத்துக்கு ஒன்று. போதும் என்று எடுத்து வந்தேன்.

முதல் நாள் அம்மா தள்ளிக்கொண்டு போனாள். நாற்காலி எங்கும் இடிக்காமல் உள்ளே போயிற்று. “பாஸாயிட்டடி,” என்றாள் என்னிடம். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே அத்தாவின் விரல் முட்டிகளில் பிளாஸ்திரி முளைத்தது.

“இன்னாங்க இது, கையெல்லாம்?” என்றாள் அம்மா.

“கொசு.”

“பிளாஸ்திரி போடற அளவுக்கு எந்த ஊரு கொசுங்க அது?”

அத்தா டிவியைப் பார்த்தார். பிளாஸ்திரியைவிட என்னை உறுத்தியது டீ. டீ இல்லாமல் ஒரு மாலைகூட இருக்காதவர், நெஞ்சு கரிக்கிறது என்று டம்ளரைத் திருப்பி அனுப்பினார். அம்மா கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் தண்ணீரும் தொடுவதில்லை. குடித்தால் போக வேண்டும். போனால் கை நிலையில் உரசும்.

“அம்மாதான் தள்றாங்களே அத்தா, அதுல இன்னா?”

“நா இன்னா பிரேக்டவுன் வண்டியா, டெப்போவுக்கு இஸ்துகினு போறதுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் நான் அளந்தது காலி நாற்காலியை. அதில் உட்காரப்போகிறவரின் கைகள் வளையத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று அளக்கவே இல்லை.

தெருமுனையில் இருக்கும் ஆசாரி பொன்ராஜ் அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

“கதவ கழட்டிடலாம் பாய். படுதா ஒண்ணு தொங்க வுட்டா முடிஞ்சது வேல.”

பொன்ராஜ் அண்ணன் போன பிறகு அத்தா என்னிடம் கேட்டார்.

“ரூஹிம்மா, இனிமே நா படுதாக்குப் பின்னாடிதானா?”

மறுநாள் வகுப்பில், கொடுத்த பயிற்சியை விட்டுவிட்டு எங்கள் பாத்ரூமை வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை ஷ்ரேயா எட்டிப் பார்த்தாள்.

“இந்தக் கதவு ஏன் உள்ள தொறக்கறது? எங்காத்துல வெளிலன்னா தொறக்கும்.”

அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுத் தன் வரைபடத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் கதவை அழித்து வெளிப்பக்கமாக வரைந்தேன். நடையைத் தாண்டிச் சுவரோடு சுவராகக் கதவு படுத்துக்கொண்டது. பலகை தின்ற மூன்று சென்டிமீட்டர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து அத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து வளையத்தைப் பிடிக்கச் சொன்னேன். சின்ன இரும்பு ஸ்கேலை வளையத்தின் விளிம்பில் வைத்து, விரல் முட்டி எதுவரை நீட்டுகிறது என்று பார்த்தேன்.

“இன்னாமா, கைக்குச் சட்ட தெக்கப் போறியா?”

“ஆடாதீங்க அத்தா. கொஞ்சம் உருட்டுங்க. போதும், நிறுத்துங்க.”

“ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்தச் சொல்றியே.”

இடது கை, வலது கை இரண்டும் 2.2 சென்டிமீட்டர். வீக்கம் வடிந்தால் குறையலாம், பிளாஸ்திரியோடு அளந்ததால் கூடியிருக்கலாம். கூடியதையே வைத்துக்கொண்டேன். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஆசாரிகளுக்கு ஒவ்வொன்றும் ஒரு நூல். 2.2 சென்டிமீட்டர் ஏறக்குறைய ஏழு நூல். கதவு வெளியே திறந்தால் இருபத்தேழில் இருபத்தைந்து போக இரண்டு அங்குலம், பக்கத்துக்கு எட்டு நூல். எட்டில் ஏழு போனால் ஒன்று. மூன்று மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தால் அதை மறைத்துவிடலாம்.

“ஒரு நூலா?” பொன்ராஜ் அண்ணன் சிரித்தார். “பாப்பா, நா அடிக்கிற ஆணியே அதவிட தடி. இன்னொண்ணு, நெல பழசு. கீல மாத்திப் போட்டா ஒருதபா புடிக்கும். சரியா வர்லன்னு மறுபடி புடுங்கினா கட்ட தாங்காது. அப்பறம் படுதாதான்.”

நான் அளவுகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“நான் தப்பா அளந்திருந்தா அத்தா?”

“ஒரு பக்கத்துக்கு ஒரு நூலா, ரெண்டுக்கும் சேத்தா?”

“ஒரு பக்கத்துக்கு.”

“அப்ப மொத்தம் ரெண்டு கீது. லஸ் கார்னர்ல ஆட்டோக்கும் பூக்காரம்மா கூடைக்கும் நடுவுல இவ்ளோ கூட எவன் குடுத்தான்? மாட்டு பொன்ராஜு.”

ஞாயிற்றுக்கிழமை கீல்கள் இடம் மாறின. கதவு சுவரோடு படுக்க ஃப்ரிட்ஜ் வழிவிட வேண்டியிருந்தது. “ஃப்ரிட்ஜு ஹால்ல. நா எங்க, தெருவுலயா?” என்று அம்மா கேட்டுக்கொண்டே அதற்கு இடம் ஒழித்தாள். உள்ளே போனபின் அத்தாவால் பின்னால் எட்டிக் கதவை இழுக்க முடியாதே என்றேன். பொன்ராஜ் அண்ணன் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, கதவின் உள்பக்கக் கைப்பிடியில் கட்டினார். தாழ்ப்பாளையும் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்துக்கு இறக்கினார்.

“மணிக்கயிறு மாதிரி கீது,” என்றார் அத்தா. பழைய பேருந்துகளில் கண்டக்டர் இழுக்கும் கயிற்றைச் சொன்னார்.

பொன்ராஜ் அண்ணன் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் நிலையை இன்னொரு முறை அளந்தேன். 68.5.

“ஒரு மில்லிமீட்டர் குறையுது,” என்றேன்.

“அது எவ்ளோ நூல்?” என்றார் அத்தா.

“நூல்ல மூணுல ஒரு பங்கு.”

“கழிச்சிக்கோ. வண்டிய எட்த்தாச்சி.”

அவர் பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்து அம்மாவின் கையில் கொடுத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் கொண்டுபோய், நேராக்கி, கதவைப் பார்த்து நிறுத்தினார்.

“சைடு பாரு ரூஹி.”

நான் நிலைக்குப் பக்கத்தில் குனிந்தேன். சக்கரம் உருண்டது. வளையத்தின்மேல் அவருடைய விரல் முட்டி நிலையை நெருங்கியது.

“ரைட் சைடு கொஞ்சம் கம்மியா இருக்கு அத்தா, போன தடவையும் அந்தப் பக்கம்தான்...”

“சைடு சொல்லு. கத சொல்லாத.”

“லெஃப்ட்ல வாங்க. இன்னும் கொஞ்சம். போதும். நேரா.”

முட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. அது மறைந்துவிடும் என்றே எதிர்பார்த்தேன். மறையவில்லை. கைகள் உள்ளே போயின, பின்னாலேயே சக்கரம் முழுவதும் போயிற்று. அம்மா பழக்கத்தில் கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

“நில்லு அன்வரி.”

அத்தா மடியில் போட்டிருந்த கயிறு இறுகியது. சுவரோடு படுத்திருந்த கதவு மெதுவாகக் கிளம்பி எங்களைத் தாண்டி வந்து நிலையில் பொருந்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

“போலாம், ரைட்!” என்றது உள்ளேயிருந்து குரல்.

பொன்ராஜ் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா அடுப்படிக்குப் போனாள். நான் கதவருகிலேயே நின்றேன்.

“அத்தா, கை?”

“வந்து காட்றேன்.”

“உரசலியே?”

“ஏம்மா, உள்ள ஆள் கீறப்போ கதவாண்ட நிப்பியா நீ? போ, போய் அம்மாகிட்ட எனக்கு டீ சொல்லு.”

நான் போவதற்குள் அம்மா பாலை அடுப்பில் வைத்திருந்தாள்.