இடது குதிகால்

“அண்ணே, அந்த பப்ஸை வெளிய எடுங்க! அடுப்பு எனக்கு வேணும்!”

ஷர்லி பேக்கரிக்குள் பாய்ந்த வேகத்தில் கண்ணாடிப் பெட்டி மேலிருந்த ஸ்ட்ரா டப்பா கவிழ்ந்தது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ். கையில் ஒற்றை ஷூ. கறுப்பு, கணுக்காலுக்கு மேல் உயரம், அடியில் சக்கரம் கழற்றியிருந்தது.

பேக்கரிக்காரர் வெள்ளைச்சாமி ஷூவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“என்னாத்தா இது?”

“ஸ்கேட்டிங் ஷூண்ணே. எதுத்த கிரவுண்டுல ரோலர் ஹாக்கி ஸ்டேட் செலக்‌ஷன் நடக்குதுல்ல? இப்ப கோல்கீப்பருங்களக் கூப்பிட்டுருவாங்க. இது காலுல நிக்க மாட்டேங்குது. சூடு பண்ணி அமுக்கணும்.”

“செருப்பை அடுப்புல வைக்கிறதா? தின்னுற சாமான் வேகுற எடம்மா!”

“புதுசுண்ணே. தரையில படவே இல்ல. காலையிலதான் பார்சல் வந்துச்சு.”

பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தாள் சொர்ணவல்லி. அணியில் தடுப்பாட்டக்காரி, ஷர்லியை விட ஐந்தாறு வயசு மூத்தவள். முழங்காலில் கவசம், தோளில் ஷர்லியின் விளையாட்டுப் பை, நீட்டிய கையில் ஷர்லியின் போன். போனுக்குள் கண்ணாடி போட்ட ஒரு முகம் கத்திக்கொண்டிருந்தது.

“அடுப்பை அணைக்கச் சொல்லுங்க! அணைச்சு, எண்பது டிகிரிக்கு எறங்கினப்புறம்தான் வைக்கணும். பப்ஸ் சூட்டுல வச்சீங்கன்னா ஷூ அப்பளமாயிரும்!”

அதுதான் உதயசூரியன். திருச்சியில் பட்டறை வைத்து, கால் அளவுக்கு ஸ்கேட் செய்து தருகிறவர். வெள்ளைச்சாமி அந்த முகத்தைக் கொஞ்சம் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அடுப்பை அணைத்து, சூடு இறங்கக் கதவை அகலத் திறந்து, பப்ஸ் தட்டை இழுத்துவிட்டு, வெறும் தட்டில் பட்டர் பேப்பரை விரித்தார்.

“பேப்பர் மேல வையி. நாளைக்கி எவனாவது பன்னுல சாக்ஸ் வாடைன்னு வந்தான்னா, ஒன்னையத்தான் கை காட்டுவேன்.”

ஷர்லிக்குச் சிரிக்க வரவில்லை. இருபத்தேழு வயசு. ‘இந்தத் தடவ விட்டுட்டா அடுத்த வருஷம் வேற பொண்ணைத்தான் பாக்கணும்’ என்று கோச் நேரிலேயே சொல்லிவிட்டார். இத்தனை வருஷமும் கடை ஷூவில் ரெண்டு சாக்ஸ் போட்டு ஆடினாள். அவள் கால் முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். எந்தக் கடை அளவும் சேராது. போன வருஷம் மாவட்ட ஃபைனலில் குதிகால் ஷூவுக்குள் எகிறி, அவள் சாய்ந்தபோதுதான் அந்தக் கடைசி கோல் விழுந்தது. மற்றவர்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுதார்கள். கோல்கீப்பர் நிற்கும் இடம் எப்பவும் அங்கிட்டு, தனியாக. அவளிடம் யாரும் வந்து சேர்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உதயசூரியனிடம் ஆர்டர் கொடுத்தாள்.

“ஷூவுல தப்பே கிடையாது மேடம்,” போனில் அவர் விடவில்லை. “தையல்ல ஒரு பிசிறு காட்டுங்க, தொழிலை விட்டுர்றேன். நீங்க அனுப்புன, கால் அளவு வரைஞ்ச பேப்பர் என் மேசையில இருக்கு. அதுல என்ன கோடோ அதுக்குத்தான் வார்த்திருக்கேன். வலது சரியா இருக்குல்ல?”

“கச்சிதமா இருக்குங்க. எடதுதான் குதிகால் தூக்குது.”

“வெரலு முன்னாடி இடிக்குதா?”

“லேசாத் தொடுது.”

“தொடணும். இடிக்கக் கூடாது. ஆனா பெரிய ஷூவே போட்டுப் பழகுனவங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கதான் எனக்குச் சிக்கல்.” அவர் குரல் இறங்கியது. “கேளுங்க. உக்காந்துக்கிட்டு வரைஞ்சிருந்தா கால் அளவு சிறுத்துரும். வெரலு இடிச்சு குதிகாலைத் தூக்கும். அப்ப முன்பக்கம் விரிக்கணும். நின்னு வரைஞ்சு பென்சில் சாஞ்சிருந்தா, பின்பக்கம் கோடு ஊதியிருக்கும். அப்ப குதிகாலை அமுக்கணும். ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர். பட்டறையிலயே ஒருக்கா சூடு காட்டிட்டேன். இன்னும் ஒருக்காத்தான் தாங்கும். மாத்தி அமுக்குனா ஷூ குப்பை. யாரு வரைஞ்சது?”

“அம்மா,” என்றாள் ஷர்லி.

“போன் போட்டுக் கேளுங்க.”

“வேணாங்க. நீங்களே ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“ஏதாவதா? அப்ப பூவா தலையா போட்டுப் பாக்குறீங்களா?”

“ஏய், இதுல என்னடி வெக்கம்?” சொர்ணவல்லி தன் போனை எடுத்தாள். “நானே கேக்குறேன், நம்பரைச் சொல்லு. அப்பிடியே போன வாரம் கருவாட்டுக் கொழம்புல உப்பு தூக்கலுன்னும் சொல்லிர்றேன். பாவம், எனக்குன்னு தனி டப்பாவே கட்டிக் குடுக்குற மனுசி. ஒரு நாளாச்சும் பேசணும்ல?”

ஷர்லி நம்பர் சொல்லவில்லை. சொர்ணவல்லி ஷர்லியின் போனிலேயே தேடி, ‘அம்மா’ என்று இருந்த எண்ணைப் பார்த்துத் தன் போனில் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி போனது.

“யாரு?” ஒரு பெண் குரல்.

“அம்மா, நான் ஷர்லி கூட ஆடுற சொர்ணவல்லி. ஒண்ணுமில்ல, ஷர்லிக்கு—”

டக்கென்று இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள். முதல் மணியிலேயே அறுந்தது.

“டவர் இல்ல போலருக்கு,” என்றாள் ஷர்லி, சுவரிலிருந்த கேக் படத்தைப் பார்த்தபடி. “எங்க ஆவூர்ல அப்பிடித்தான்.”

“எம்பதுக்கு எறங்கிருச்சு,” வெள்ளைச்சாமி அடுப்பு முள்ளைப் பார்த்தார். “வைக்கவா?”

ஷூ உள்ளே போனது. எதிர் மைதானத்தில் விசில் ஊதியது. மைக்கில் யாரோ, “கோல்கீப்பர்ஸ் ரெடியா இருங்க” என்றார்கள்.

“வெளிய எடுத்தா ஒரு நிமிஷத்துல எறுகிரும்,” உதயசூரியன் அவசரப்பட்டார். “சொல்லுங்க மேடம். முன்னாடியா, பின்னாடியா?”

ஷர்லி நெற்றியைத் துடைத்தாள். “குனிஞ்சு வரைஞ்சது.”

“வரையிறவங்க குனிஞ்சுதான் வரையணும். நான் ஒங்களக் கேக்குறேன். நீங்க நேரா நின்னீங்களா?”

“இல்லைங்க. நான்தான் குனிஞ்சேன். பென்சிலு என் கையிலதான் இருந்துச்சு.”

அளவு எடுக்கச் சொல்லி அவர் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் அவளுக்கு வரி தவறாமல் ஞாபகம் இருந்தது: ‘வெறுங்காலோட பேப்பர் மேல நிக்கணும். சுவத்தைப் பாக்கணும். கூட ஒரு ஆளு பென்சிலை நட்டுக்குத்தாப் பிடிச்சு வரையணும்.’ எல்லாம் தயாராக இருந்தது, அந்த ஒரு ஆளைத் தவிர. எதிர்வீட்டுப் பிரகதாம்பாள் அக்காவின் வாசல் வரைக்கும் பென்சிலோடு போனாள். பேரன் பேத்தி எடுத்த மனுஷி. ‘என் காலைப் பிடிச்சு வரைஞ்சு குடுங்க’ என்று எந்த வாயால் கேட்பது? சர்க்கரை இருக்கா என்று கேட்டு, ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

“வலது கையால, எடது காலைச் சுத்தி,” உதயசூரியன் மெதுவாகச் சொன்னார். “பின்னாடி கை எட்டாது. பென்சிலு சாஞ்சேதான் இருந்திருக்கும். அப்ப குதிகால்தான் மேடம். சந்தேகமே இல்ல. எடுங்க ஷூவை!”

வெள்ளைச்சாமி கைத்துணியோடு எடுத்தார். ஷர்லி காலை நுழைத்தாள். சூடு சாக்ஸைத் தாண்டிச் சுட்டது. கயிற்றை இறுக்கினாள்.

“நேரா நில்லுங்க. நீங்க குனியக் கூடாது! வேற ஆளு ரெண்டு உள்ளங்கையாலயும் குதிகாலை அமுக்கணும். பலமா!”

சொர்ணவல்லி தரையில் மண்டியிட்டாள். ஷர்லி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“க்கா, நீங்க மூத்தவங்க. காலைப் போயி...”

“பேசாம நில்லுடி. ஷூ ஆறுது.”

அழுத்தினாள். வெள்ளைச்சாமி மாவு பிசைகிற பலத்துக்கு இணையான அழுத்தம். ஷர்லி சுவரைப் பார்த்து நின்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு மனுஷக் கை தன் மேல் இவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கேக் படம் கலங்கித் தெரிந்தது.

“இப்பத் தூக்கிப் பாருங்க.”

குதிகாலைத் தூக்கினாள். ஷூவும் கூடவே வந்தது. உள்ளே ஒரு நூல் இடைவெளி இல்லை.

“பிடிச்சிருச்சு,” என்றாள். போனில் உதயசூரியன் கைதட்டியது கேட்டது.

சொர்ணவல்லி எழவில்லை. பையிலிருந்து சக்கரத் தகட்டை எடுத்து, உட்கார்ந்தபடியே திருகாணியை முடுக்க ஆரம்பித்தாள்.

“எனக்கு ஒண்ணுதாண்டி வெளங்கல. நீ இம்புட்டுப் பாடுபட்டுக் குனிஞ்சு வரையிறப்ப ஒங்கம்மா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? ஒரு பென்சிலைப் பிடிக்க அவங்களுக்கு ஆகலையா?”

மைக்கில் ஷர்லியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். முகத்தை மறைத்த கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அம்மா வீட்ல இல்லக்கா. பாத்த மாப்பிள்ளையை நான் வேணாம்னேன், ஆட்டம்தான் முக்கியம்னேன். அன்னிக்கே அண்ணன் கூடக் கோயம்புத்தூர் போயிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு. என் பேரைச் சொன்னா போனைக் கட் பண்ணிருவாங்க. ஒங்க டப்பாவையும் நான்தான் கட்டுறேன்.”