பிரித்த தையல்

சர்ச் நடத்திய இலவசத் தையல் வகுப்பை முடித்தவர்களுக்கு அன்று மெஷின் கொடுத்தார்கள். எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் பெண், தானே தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாய் வந்து நின்றாள். பாஸ்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"என்னம்மா, கல்யாணத்துக்கா வந்திருக்க? உதவி பண்றவங்க போட்டோ கேக்குறாங்க. இப்படி மினுக்கிக்கிட்டு நின்னா ஏழைன்னு யாரு நம்புவா?"

"இது நம்ம வகுப்புல தச்சதும்மா."

"அது போட்டோவுல தெரியாதே." பாஸ்டரம்மா கத்தரியை எடுத்து, அவளுடைய தோள்பட்டைத் தையலைச் சாவகாசமாகப் பிரித்துவிட்டார். "அப்புறமா தச்சுக்கோ. அதுக்குத்தானே மெஷின் தர்றோம்?"

மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒல்லியின் வீட்டில் மெஷின் வைக்க இடம் வேண்டுமென்று கட்டிலையே வெளியே தள்ளியிருந்தார்கள். ஒல்லி கிழிசலோடு நின்று, கேமராக்காரன் சொன்னபடி முகத்தைத் தொங்கப்போட்டாள். மெஷின் கிடைத்தது. பாஸ்டரம்மா அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொல்லத் திறந்த வாயை ஒல்லி இறுக மூடிக்கொண்டாள்.